வன்னியில் உயிர்ச்சுவடு தேடலும் கல் பார்க்கும் பயணங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வருடத்தில் நாலைந்து தடவை பிள்ளைகளையும் பெற்றோரையும் கூட்டிக்கொண்டு வன்னியின் கல்லையும் மண்ணையும் பார்க்கப் போகிறோம். நான் புவியியல் படிப்பிக்கிற ஆள். ஒவ்வொரு பயணத்துக்கு முன்னும் தொலைபேசியில் வருகிற கேள்விகள் பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். அவற்றையும் நான் சொல்லி வருகிற பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். எங்கள் பாடப்புத்தகங்களில் உள்ளபடி 'உயிர்ச்சுவடு' என்றே எழுதுகிறேன். தமிழ்நாட்டில் இதையே புதைபடிவம் என்பார்கள்.

வன்னியில் உயிர்ச்சுவடு கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் எல்லா இடத்திலும் இல்லை. வன்னி நிலத்தை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். வவுனியா, நெடுங்கேணி போன்ற உட்பகுதிகளில் நிலத்துக்குக் கீழே இருப்பது மிகப் பழைய கருங்கல். பூநகரி, முழங்காவில், முருங்கன், சிலாவத்துறை என்று மேற்குக் கரையை ஒட்டிப் போனால் கீழே இருப்பது கடலில் படிந்த சுண்ணக்கல். உயிர்ச்சுவடு வேண்டுமென்றால் இந்த இரண்டாவது பக்கத்துக்கு வர வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குக் கீழே இருக்கிற அதே சுண்ணக்கல்தான் கடனீரேரியைத் தாண்டி மேற்குக் கரையோரமாகப் புத்தளம் பக்கம் வரை நீள்கிறது. வன்னியில் அதன் மேல் பெரும்பாலும் செம்மணலும் களியும் மூடிக் கிடப்பதால் கண்ணுக்கு லேசில் அகப்படாது. கிணறு வெட்டும்போதும் குழாய்க்கிணறு அடிக்கும்போதும்தான் வெளியே வரும்.

எங்கள் வீடு வவுனியாவில். வளவுக்குள் பெரிய பாறை ஒன்று இருக்கிறது. அதை உடைத்தால் உள்ளே ஏதாவது இருக்குமா?

உயிர்ச்சுவடு இருக்காது. அதற்காக அந்தப் பாறையைக் குறைவாக நினைக்க வேண்டாம். உலகப் புவிச்சரிதவியல் நூல்களில் எங்கள் ஊர்ப் பெயர் அந்தப் பாறையால்தான் ஏறியிருக்கிறது. இலங்கையின் பழைய பாறைகளைக் குறோனர், கூரே, விதானகே ஆகிய மூவரும் 1991 இல் வகுத்தபோது, நாட்டின் வடமேற்குப் பாகத்துப் பாறைகளுக்கு 'வன்னித் தொகுதி' என்று பெயர் வைத்தார்கள். மற்றப் பெரிய பிரிவுகள் உயர்நிலத் தொகுதி, விஜயன் தொகுதி, கடுகண்ணாவைத் தொகுதி.

இந்தப் பாறைகளின் மூலப்பொருள் 100 கோடி ஆண்டுகள் வரை பழையது. சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன், இந்தியா, மடகாஸ்கர், அந்தாட்டிக்கா எல்லாம் ஒன்றோடொன்று மோதி கொண்டுவானா என்ற பெருங்கண்டமாக ஒட்டிக்கொண்டபோது, இவை நிலத்துக்கு அடியில் பல கிலோமீற்றர் ஆழத்தில் 700 பாகை செல்சியசுக்கு மேல் வெந்து, நசிந்து, உருமாறின. அப்படி வெந்த பாறைக்குள் ஓடோ எலும்போ தப்பியிருக்க வழியில்லை. போதாக்குறைக்கு, அந்த மூலப்பொருள் உருவான காலத்தில் ஓடும் எலும்பும் உள்ள உயிர்களே உலகில் தோன்றவில்லை.

மழை பெய்து ஓய்ந்த காலையில் அந்தப் பாறைக்குக் கிட்டப் போய்ப் பாருங்கள். ஈரத்தில்தான் அதன் கோடுகள் நன்றாகத் தெரியும். வெளிறிய பட்டையும் கறுத்த பட்டையும் மாறி மாறி, சில இடங்களில் பிசைந்த மாவை மடித்த மாதிரி வளைந்து போயிருக்கும். வெளிறிய பட்டையில் இருப்பது படிகக்கல்லும் (குவாட்ஸ்) களிக்கல்லும் (பெல்ட்ஸ்பார்). கறுத்த பட்டையில் மினுங்குவது காக்காப்பொன். எங்கேயாவது மாதுளம் விதை போலச் சிவந்த புள்ளி தெரிந்தால் அது கானட். அந்த மடிப்பு, கல் சூட்டில் இளகிக் கிடந்தபோது விழுந்தது. சுத்தியலால் அடித்துப் பார்த்தால் கை நோகும், பாறை அசையாது. அது அப்படி இளகிக் கிடந்தது என்று சொன்னால் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். பாறையில் கையை வைத்து அந்த மடிப்பின் வழியே விரலை ஓட்டச் சொல்வேன். அதற்குப் பிறகு கேள்விகள் தானாக வரும்.

சுண்ணக்கல்லில் என்னென்ன பார்க்கலாம்? அது எவ்வளவு பழையது?

அது மயோசீன் காலத்துக் கல். மயோசீன் என்பது 2.3 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 53 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் முடிந்த காலம். அப்போது இந்தக் கரை முழுவதும் வெதுவெதுப்பான ஆழமில்லாத கடல். இன்றைக்கு மன்னார்க் கடலில் கடற்புல் வளர்கிற இடங்களை நினைத்துக்கொள்ளுங்கள், ஏறக்குறைய அப்படித்தான் இருந்திருக்கும்.

பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். அதிகம் கிடைப்பவை சிறியவை: நத்தை வகைகளின் உள்வடிவங்கள், சிப்பிகளின் பதிவுகள், முருகைக்கல் துண்டுகள், இடைக்கிடை கடல் முள்ளெலியின் ஓட்டுத் துண்டு. பல இடங்களில் ஓடு கரைந்து போய், ஓடு இருந்த இடம் வெறும் பொந்தாக இருக்கும். புதிதாக வருபவர்கள் அதை 'ஓட்டைக் கல்' என்று தூக்கி எறிந்துவிடுவார்கள். அந்தப் பொந்துக்குள் வெளிச்சம் விழும்படி கல்லைச் சரித்துப் பிடித்தால், சுருள் சுருளாக நத்தையின் வரிகள் சுவரில் பதிந்திருப்பது தெரியும்.

எனக்கு மிகவும் பிடித்தது இதையெல்லாம் விடச் சிறியது. போராமினிபெரா என்ற ஒற்றைக்கல உயிரியின் ஓடு. அதில் சூடோதபேரினா மலபாரிக்கா என்ற வகை தட்டையான சிறு வட்டம். உடைந்த கல்லின் முகத்தில் லென்சை வைத்துப் பார்த்தால் வட்டத்துக்குள் வட்டமாக நுண்ணிய அறைகள் தெரியும். பெயரிலுள்ள 'மலபாரிக்கா' மலபாரைக் குறிக்கிறது. கேரளத்தில் கொல்லத்துச் சுண்ணக்கல்லிலும் இதே உயிரி இருக்கிறது. ஒரே காலத்தில், ஒரே மாதிரியான கடலில், குமரிமுனைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் வாழ்ந்திருக்கிறது. கல்லின் வயதைக் கணிக்கவும் இந்தச் சின்ன வட்டம்தான் ஆய்வாளர்களுக்குக் கைகொடுக்கிறது.

பெரிய எலும்புகளைப் பற்றியும் கேட்பார்கள். புத்தளம் பக்கம் அறுவாக்காட்டில் சீமெந்துக்காகச் சுண்ணக்கல் வெட்டுகிற இடத்தில் மயோசீன் காலத்துக் கடல் விலங்குகளின் எச்சங்கள் கிடைத்திருக்கின்றன. கடற்பசுவின் எலும்பும் அதில் அடக்கம். மன்னார் மீனவர்கள் ஆவுளியா என்று சொல்லும் விலங்கின் பழைய உறவு அது. ஆவுளியா இன்றைக்கும் எங்கள் கடலில் புல் மேய்கிறது.

கல் சுண்ணக்கல்தானா என்று எப்படி அறிவது?

தேசிக்காய் போதும். கல்லில் ஓரிடத்தை ஆணியால் சுரண்டித் தூளாக்கி, அந்தத் தூளின் மேல் நாலு சொட்டுப் பிழிந்து விடுங்கள். சுண்ணக்கல் என்றால் நுரைக்கும். காதுக்குக் கிட்டப் பிடித்தால் மெல்லிய சீறல் கேட்கும். வினாகிரியும் சரி. ஆய்வாளர்கள் ஐதான ஐதரோகுளோரிக் அமிலம் பாவிப்பார்கள், பிள்ளைகளோடு போகும்போது அது தேவையில்லை. கருங்கல்லும் வெள்ளைப் படிகக்கல்லும் எவ்வளவு பிழிந்தாலும் சும்மா இருக்கும்.

முழங்காவில் பக்கத்தில் ஒரு தோட்டத்தில், கிணறு வெட்டிக் குவித்த கல்லுக்குப் பக்கத்தில் ஏழெட்டுப் பிள்ளைகள் குந்தியிருந்து இதைச் செய்தார்கள். தோட்டக்காரர் வயதான ஐயா. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "உதுக்கை என்ன கிடக்கு, மாஸ்ரர்?" என்று கேட்டார். ஒரு சிறுமி கல்லை அவருடைய காதுக்கிட்டக் கொண்டுபோய், "கேளுங்கோ தாத்தா" என்றாள். அவர் கேட்டார். பிறகு அவரே உள்ளே போய், கிணறு வெட்டிய நாளில் வித்தியாசமாக இருந்ததென்று எடுத்து வைத்திருந்த கல்லைக் கொண்டுவந்து தந்தார். கைப்பிடியளவு முருகைக்கல், பூப்பூவாக.

கிடைத்ததை வினாகிரியில் ஊறவைத்துச் சுத்தம் செய்யலாமா?

செய்ய வேண்டாம். நான் செய்து ஒன்றை இழந்திருக்கிறேன். தொடங்கிய புதிதில், வரிகள் தெளிவாகத் தெரிந்த ஒரு சிப்பிப் பதிவு கிடைத்தது. களி ஒட்டியிருந்ததால் இரவில் வினாகிரியில் போட்டுவிட்டுப் படுத்தேன். காலையில் களி போயிருந்தது, வரிகளும் போயிருந்தன. சோதனையில் நுரைக்கிற அதே காரணம்தான் இது: ஓடும் சுண்ணாம்பு, சுற்றியுள்ள கல்லும் சுண்ணாம்பு. தண்ணீரும் பழைய பல்தூரிகையும் மட்டும் பாவியுங்கள். உப்பு நிலத்தில் எடுத்தது என்றால் நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று நாள் மாற்றி மாற்றி ஊறவிடுங்கள். இல்லாவிட்டால் காய்ந்த பிறகு உப்புப் பூத்துக் கல் உதிரும்.

டைனோசர்? அமோனைட்?

வன்னியில் இல்லை. தமிழ்நாட்டில் அரியலூரில் கிடைக்கும் அமோனைட் (சுருள் ஓடுள்ள, அழிந்துபோன கடலுயிரி) படங்களை உறவினர்கள் அனுப்பி, இங்கேயும் தேடுவோமா என்று கேட்பார்கள். அரியலூர்ப் படிவுகள் கிரேத்தேசியக் காலத்தவை, எங்கள் சுண்ணக்கல்லுக்கு மிகவும் முந்தியவை. இலங்கையில் டைனோசர் காலத்துப் படிவைத் தரையில் பார்க்க வேண்டுமென்றால் புத்தளம் மாவட்டத்துத் தப்போவை, ஆண்டிகமை பக்கம் போக வேண்டும். அங்கே யூராசிக் காலத்துத் தாவரங்களின் இலைப் பதிவுகள் கிடைத்திருக்கின்றன. வன்னியிலிருந்து போய் வர ஒரு முழுநாள் தேவை.

கல்லை உடைத்தபோது உள்ளே பன்னத்தின் (பெரணியின்) இலை மாதிரி ஒரு கறுப்பு வடிவம் இருந்தது. அது உயிர்ச்சுவடுதானே?

அனேகமாக இல்லை. கல்லின் வெடிப்புக்குள் தண்ணீரோடு நுழைந்த மங்கனீசு ஒட்சைட்டு, கிளைகிளையாகப் படிந்து இப்படி வளரும். இலை என்றால் நடுநரம்பும், ஒழுங்கான இடைவெளியில் பக்க நரம்புகளும் இருக்கும். இதில் கிளைகள் தன்பாட்டில் எங்கும் பிரியும், வெடிப்பின் ஓரத்திலிருந்து உள்நோக்கி வளர்ந்திருக்கும். கிரவல் மண்ணில் கிடைக்கும் உருண்டை உருண்டையான இரும்புக் கற்களையும் முட்டை என்று கொண்டுவருவார்கள். அவை மண்ணுக்குள் இரும்பு திரண்டு உண்டானவை. கொண்டுவந்த பிள்ளையிடம் "இது இல்லை" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட வேண்டாம், அது எப்படி உண்டானது என்று காட்டுங்கள். அதுவும் அதே மண்ணின் கதைதான்.

அரிப்புக் கரையில் மண்ணுக்குள் அடுக்கடுக்காகச் சிப்பி ஓடு கிடக்கிறதே?

அங்கே கவனமாகப் பார்க்க வேண்டும். அரிப்பு, சிலாவத்துறை, கொண்டச்சி முழுவதும் நூற்றாண்டுக் கணக்காக முத்துக்குளிப்பு நடந்த கரை. குளித்து எடுத்த சிப்பியைக் கரையில் குவித்து, அழுக விட்டு, கழுவி முத்து எடுத்தார்கள். அந்த ஓடுகள்தான் மண்ணோடு மண்ணாகக் கிடக்கின்றன. அது மனிதர் விட்டுச்சென்ற வரலாற்று எச்சம், உயிர்ச்சுவடு அல்ல. வித்தியாசம் கையில் தெரியும்: முத்துச்சிப்பி ஓட்டின் உட்பக்கம் இன்னும் மினுங்கும், ஓடு லேசாக இருக்கும், ஒரே வகைச் சிப்பி மட்டும் குவிந்திருக்கும். சுண்ணக்கல்லில் உள்ளது கல்லோடு கல்லாக இறுகி, பல வகை உயிர்களும் கலந்திருக்கும்.

அங்கே போனால் ஆளுநர் பிரடரிக் நோர்த் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முத்துக்குளிப்பைக் கண்காணிக்கக் கட்டிய மாளிகையின் இடிபாட்டையும் பாருங்கள். அல்லிராணிக் கோட்டை என்று ஊரவர்கள் சொல்வது அதைத்தான். கடல் கரையை அரித்துக்கொண்டு வர, சுவர்கள் ஒவ்வொன்றாகக் கீழே விழுகின்றன. கடலரிப்பு என்ற பாடத்துக்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. ஆனால் பிள்ளைகளை விளிம்புக்குக் கிட்ட விட வேண்டாம்.

இரணைமடுவுக்கு ஏன் கூட்டிப் போகிறீர்கள்? அங்கே குளம்தானே இருக்கிறது?

இந்தக் கேள்விக்கு எத்தனை தரம் என்றாலும் பதில் சொல்வேன். கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டிய குளத்தை எல்லோரும் பார்க்கிறார்கள். அதைச் சுற்றியுள்ள சிவந்த மண்ணையும் அதற்கு அடியிலுள்ள சரளைப் படையையும் யாரும் பார்ப்பதில்லை. இலங்கையின் தொல்லியலில் 'இரணைமடுப் படிவு' என்று ஒரு பெயர் இருக்கிறது. அடியில் சரளை, அதற்கு மேல் காற்று கொண்டுவந்து குவித்த செம்மணல். இந்த அமைப்பு வடமேற்கிலும் வடக்கிலும், அப்புறம் தென்கிழக்குக் கரையில் அம்பாந்தோட்டைப் பக்கமும் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் சேர்த்து வைத்த பெயர் எங்கள் இரணைமடுவின் பெயர்.

இந்தச் சரளைக்குள் படிகக்கல்லிலும் சிக்கிமுக்கிக்கல்லிலும் செய்த கல்லாயுதங்கள் இருக்கின்றன. தொல்லியலாளர் சிரான் தெரணியகலை தென்கிழக்கே பூந்தலைக்கு அண்மையில் இதே படிவில் நடத்திய அகழ்வுகள், சுமார் 1,25,000 ஆண்டுகளுக்கு முன்னரே இத்தீவில் மனிதர் இருந்ததைக் காட்டின. அதே காலத்தில் உலகக் கடல்மட்டம் இன்றையதை விட ஆறு முதல் ஒன்பது மீற்றர் வரை உயர்ந்திருந்தது. பின்னர் பனிக்காலத்தில், ஏறக்குறைய 20,000 ஆண்டுகளுக்கு முன், 120 மீற்றர் அளவுக்கு இறங்கியது. பாக்கு நீரிணை அதிகம் ஆழமில்லாதது என்பதால் அப்போது அது வெறும் தரை. மன்னாரிலிருந்து இராமேசுவரத்துக்கு ஆளும் விலங்கும் நடந்தே போய் வரலாம்.

செம்மணலைக் கொஞ்சம் கையில் எடுத்துத் தண்ணீரில் கழுவிப் பாருங்கள். கழுவக் கழுவச் சிவப்புப் போய் உள்ளே வெள்ளை மணல் தெரியும். மணிமணியாக இருந்த படிகக்கல்லுக்கு மேல் இரும்பு ஒட்சைட்டு மெல்லிய தோலாகப் போர்த்தியிருப்பதுதான் அந்தச் சிவப்பு.

கல்லாயுதம் போல ஒன்றைக் கண்டால்?

எடுக்க வேண்டாம். இருந்த இடத்திலேயே வைத்துப் படம் எடுங்கள், அளவு தெரிவதற்காகப் பக்கத்தில் ஒரு பத்து ரூபாக் குற்றியை வையுங்கள். இடத்தைக் குறித்துக்கொண்டு தொல்பொருள் திணைக்களத்துக்கோ பல்கலைக்கழகத்தில் உள்ளவர்களுக்கோ சொல்லுங்கள். மனிதர் உடைத்த கல்லில், அடி விழுந்த இடத்துக்குக் கீழே ஒரு சின்னப் புடைப்பும் அதிலிருந்து அலை போல விரியும் வரிகளும் இருக்கும். ஆற்றில் உருண்டு உடைந்ததில் முனைகள் மழுங்கியிருக்கும். சந்தேகமாக இருந்தாலும் விட்டுவிட்டு வருவதே சரி. சரளைப் படையில் எந்த ஆழத்தில், எதற்குப் பக்கத்தில் கிடந்தது என்பதில்தான் அதன் காலம் இருக்கிறது. வீட்டு அலுமாரிக்குப் போய்விட்டால் அந்தக் காலத்தைத் திரும்ப எடுக்க முடியாது.

மிதிவெடி ஆபத்து இன்னும் இருக்கிறதா?

இருக்கிறது. ஹலோ ட்ரஸ்ட், மாக் போன்ற நிறுவனங்கள் பல வருடங்களாக அகற்றி வருகின்றன, பெரும்பகுதி விடுவிக்கப்பட்டும் விட்டது. ஆனாலும் இதில் நான் எந்தத் தளர்வும் காட்டுவதில்லை. ஆள் நடமாட்டமில்லாத பற்றைக்காட்டுக்குள் புதிய பாதை போடுவதில்லை. பழைய மண் அணை, பதுங்குகுழி இருந்த இடங்களில் இறங்குவதில்லை. மண்டையோட்டுப் படமுள்ள சிவப்புப் பலகையோ சிவப்பு அடித்த தடியோ கண்டால் வந்த காலடியிலேயே திரும்புகிறோம். எந்த இடத்துக்குப் போவதென்றாலும் முதலில் கிராம சேவகரையும், அந்தக் காணியில் மாடு மேய்க்கிறவரையும் கேட்கிறேன். வரைபடத்தை விட மாடு மேய்க்கிறவருக்கு அந்த நிலம் தெரியும்.

பிள்ளைகளுக்கு ஒரே விதி: கல்லைத் தொடலாம், உலோகத்தைத் தொடக்கூடாது. துருப்பிடித்த எதையாவது கண்டால் கையை உயர்த்திக் கூப்பிட வேண்டும். மற்றவர்களை விலக்கிவிட்டுப் பொலிசுக்கு அறிவிக்கிறோம். குழாய்க்கிணற்று மண்ணும், புதிதாக வெட்டிய வாய்க்காலும், பாவனையில் உள்ள தோட்டமும் எங்களுக்குப் போதும். உயிர்ச்சுவடு அங்கேதான் அதிகம் அகப்படுகிறது.

எலும்பு கண்டால்?

குளம் வற்றிய இடத்தில் கிடப்பது பெரும்பாலும் மாடு, எருமை, யானையின் எலும்பு. அவை உயிர்ச்சுவடு அல்ல. எலும்பு உயிர்ச்சுவடா என்று அறிய, நாக்கு நுனியில் ஒட்டிப் பார் என்று ஒரு பழைய முறை சொல்வார்கள், வன்னியில் நான் அதை யாருக்கும் சொல்லிக் கொடுப்பதில்லை.

மனித எலும்பாக இருக்குமோ என்ற சந்தேகம் வந்தால், அந்தக் கணமே எல்லோரும் பின்வாங்க வேண்டும். தொடக்கூடாது, கிளறக்கூடாது. உடனே பொலிசுக்கும் கிராம சேவகருக்கும் அறிவிக்க வேண்டும். நீதவானின் கட்டளைப்படியும் சட்ட வைத்திய அதிகாரியின் முன்னிலையிலும்தான் அதன் பிறகு எதுவும் நடக்கலாம். 2023 ஜூனில் கொக்குத்தொடுவாயில் குடிநீர்க் குழாய் பதிக்க வெட்டிய இடத்தில்தான் மனித எச்சங்கள் வெளிவந்தன. காணாமற்போனவரைத் தேடிக்கொண்டிருக்கிற ஒரு தாய்க்கு, அந்த எலும்பும் அதோடு கிடக்கும் ஒரு துண்டுத் துணியும்தான் பதில். எங்கள் ஆர்வத்தால் அது கலைந்துவிடக் கூடாது.

சட்டப்படி கல் எடுக்கலாமா?

மூன்று விடயங்களை நினைவில் வையுங்கள். தேசிய பூங்காக்களிலும் சரணாலயங்களிலும் எதையும் எடுக்கக்கூடாது. வில்பத்து, 2015 இல் அறிவிக்கப்பட்ட மடு வீதிப் பூங்கா, சுண்டிக்குளம் எல்லாம் இதில் அடங்கும். செம்மண் கரைக்குப் பேர்போன குதிரைமலையும் வில்பத்துவுக்குள்தான் இருக்கிறது, அங்கே கண்ணும் கமராவும் மட்டும். தொல்பொருட்களுக்கு 1940ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது, பழைய மட்பாண்ட ஓட்டுத் துண்டுக்கும் கல்லாயுதத்துக்கும் அது பொருந்தும். கனியங்களைத் தேடவும் அகழவும் 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டப்படி அனுமதி வேண்டும்.

தனியார் காணியில், உரிமையாளரைக் கேட்டு, ஏற்கெனவே வெளியே கிடக்கிற கல்லிலிருந்து பார்ப்பதுதான் எங்கள் வழக்கம். நாங்கள் குழி தோண்டுவதில்லை.

கனடாவிலிருந்து லீவுக்கு வருகிறோம். பிள்ளைகள் ஞாபகத்துக்கு ஒரு கல் கொண்டுபோகலாமா?

விட்டுவிட்டுப் போகச் சொல்லித்தான் நான் சொல்வேன். முருகைக்கல்லையும் சிப்பியையும் விமான நிலையத்தில் பார்க்கிறவருக்கு அது உயிர்ச்சுவடா, நேற்றுக் கடலில் உடைத்ததா என்று தெரியாது. வீண் சிக்கல். அதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. பிள்ளை கண்டெடுத்ததைப் பிள்ளையின் பெயர் எழுதி இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் வையுங்கள். அடுத்த முறை வரும்போது போய்ப் பார்க்கலாம். அப்படி விட்டுப்போன ஒரு பையன் இரண்டு வருடம் கழித்து வந்து, நேரே தன் பெட்டியைத் தேடிப் போனான்.

என்ன கொண்டுவர வேண்டும்?

பத்து மடங்கு பெருக்கும் கைலென்ஸ் ஒன்று இருந்தால் பாதி வேலை முடிந்தது. பழைய பேப்பர், பிளாஸ்ரிக் பை, அழியாத மை, கொப்பி, ஒரு தேசிக்காய், ஆளுக்கு மூன்று லீற்றர் தண்ணீர். மூடிய சப்பாத்து கட்டாயம், ஏனென்றால் கல்லுக்கடியில் சுருட்டை விரியன் இருக்கும். கல்லைப் புரட்டும்போது உங்கள் பக்கம் உயர்த்தக்கூடாது, எதிர்ப்பக்கம் திறக்கும்படி புரட்டுங்கள். கடித்தால் கட்டுப்போட்டு மருந்து தேடி ஓடாமல் 1990 அம்புலன்சை அழையுங்கள். ஆளாளுக்குச் சுத்தியல் வேண்டாம். கூட்டத்தில் ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும், அவர் கண்ணாடி போட்டிருக்கட்டும்.

குறிப்பில் என்ன எழுதுவது?

இடம், திகதி, யார் கண்டது, யாருடைய காணி, எவ்வளவு ஆழத்திலிருந்து வந்த மண். தொலைபேசியில் தெரியும் அகலாங்கு நெட்டாங்கையும் எழுதுங்கள். கல்லை எடுப்பதற்கு முன் ஒரு படம், எடுத்த பிறகு ஒரு படம். துண்டுக் கடதாசியை அந்தக் கல்லோடு அதே பைக்குள் போடுங்கள். வீட்டுக்குப் போய் எழுதலாம் என்று விட்டால் ஐந்து கல்லும் ஒரே மாதிரி இருக்கும். கிணறு வெட்டியவரிடம் கேட்டால் "பதினெட்டடியில களி, அதுக்குக் கீழ வெள்ளைக்கல்" என்று படைபடையாகச் சொல்வார். அதை அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் புவிச்சரிதவியல் துறை இருக்கிறது. இப்படி விபரத்தோடு படம் அனுப்பினால்தான் அங்கே உள்ளவர்களாலும் ஏதாவது சொல்ல முடியும்.

கொக்கிளாய்ப் பக்கம் கடற்கரை மணல் ஏன் கறுப்பு?

அது இல்மனைற் என்ற கனியம். றூட்டைல், சேர்க்கன் எல்லாம் கலந்திருக்கும். உள்நாட்டுப் பாறைகள் உக்கி, ஆறுகள் கொண்டுவந்து கடலில் சேர்த்த பாரமான மணிகள். அலை லேசான வெள்ளை மணலை இழுத்துப்போக, பாரமானது கரையில் தங்கிவிடுகிறது. கொக்கிளாய்க்குத் தெற்கே புல்மோட்டையில் அதைத்தான் அரசு நிறுவனம் அகழ்கிறது. ஒரு போத்தல் கறுப்பு மணலையும் ஒரு போத்தல் வெள்ளை மணலையும் இரண்டு கையிலும் தூக்கிப் பாருங்கள், எடை வித்தியாசம் உடனே தெரியும். பிறகு மணலை அங்கேயே கொட்டிவிடுங்கள்.

எந்த மாதத்தில் போவது நல்லது?

ஆடி, ஆவணியில் குளங்கள் வற்றி அலைகரை வெளியே தெரியும், பாதையும் காய்ந்திருக்கும். ஆனால் வெயில் கொடுமை. காலை ஆறு மணிக்குத் தொடங்கிப் பத்தரைக்கு முடித்துவிட வேண்டும். தையும் மாசியும் இதமானவை, மழை கழுவிய பாறையைப் பார்க்க அதுதான் நேரம். முருங்கன் பக்கத்துக் கறுத்தக் களியில் மழைக்காலத்தில் வாகனத்தை இறக்க வேண்டாம், சில்லு புதைந்தால் உழவு இயந்திரம்தான் வர வேண்டும். அதே களி கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும், அதையும் ஒருமுறை பார்க்க வேண்டும். மாலையில் காட்டு வீதிகளில் யானை வரும் என்பதால் நாலு மணிக்குப் பிறகு நாங்கள் எங்கும் நிற்பதில்லை.

முதல் பயணத்துக்கு ஒரு வழி சொல்லுங்கள்.

வவுனியாவிலிருந்து விடியற்காலை புறப்படுங்கள். வீதியோரம் தெரிகிற ஒரு மொட்டைப் பாறையில் அரை மணி நேரம் நின்று மடிப்புகளைப் பாருங்கள். ஏ-9 வழியாக இரணைமடு, அங்கே செம்மணலைக் கழுவிப் பார்க்க ஒரு வெள்ளைக் கோப்பை கொண்டுபோங்கள். பரந்தனில் திரும்பிப் பூநகரி, பிறகு ஏ-32 இல் தெற்கே முழங்காவில். அங்கே தெரிந்த யாரையாவது முன்கூட்டியே பிடித்து, அண்மையில் கிணறு வெட்டிய காணி எது என்று கேட்டு வையுங்கள். சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போய் அந்தக் கல் குவியலுக்குப் பக்கத்து மர நிழலிலேயே சாப்பிடுங்கள். பிள்ளைகள் சாப்பிட்டு முடிக்கும் முன்னமே ஒருவர் கையில் ஏதாவது இருக்கும்.